கோவையில் நல்ல காபிக்கடையைத் தேடிக் கண்டுபிடிப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலைக்கும் படிப்புக்கும் கோவைக்குப் புதிதாக வருகிறவர்கள் சில மாதங்களில் என்னிடம் ஒரே மாதிரியான கேள்விகளைக் கேட்கத் தொடங்கிவிடுகிறார்கள். பெரிய நிறுவனங்களின் கிளைகளை விட்டால் இங்கே உட்கார்ந்து குடிக்க நல்ல தனிக் காபிக்கடை உண்டா, எங்கே தேடுவது, அவ்வளவு விலை எதற்கு என்றெல்லாம் கேட்பார்கள். இத்தனை வருடமாக இந்த ஊர்த் தெருக்களில் நடந்தும் குடித்தும் தெரிந்துகொண்டதை வைத்து அவர்களுக்குச் சொன்ன பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

தனிக் காபிக்கடை என்று எதைச் சொல்கிறீர்கள்?

ஒருவரோ, ஒரு குடும்பமோ, இரண்டு மூன்று நண்பர்களோ சொந்தப் பணத்தைப் போட்டு நடத்தும் கடை. எந்தக் கொட்டையை வாங்குவது, எந்தப் பாலை ஊற்றுவது, எத்தனை மணிக்குத் திறப்பது என்பதையெல்லாம் அந்தக் கடையில் நிற்கிறவரே முடிவு செய்ய வேண்டும். மும்பையிலோ பெங்களூரிலோ இருக்கும் தலைமை அலுவலகம் முடிவு செய்கிறது என்றால் அந்தக் கடை என் கணக்கில் வராது.

இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் கண்ணாடிக் கதவு போட்ட கஃபேக்களோடு இன்னும் இரண்டு வகைக் கடைகளும் சேர்ந்துவிடுகின்றன. ஒன்று, கோவையின் தெருமுனைதோறும் இருக்கும் பேக்கரி. அதிகாலையிலேயே திறந்துவிடும். முன்பக்கம் டீ, காபி. கண்ணாடிப் பெட்டிக்குள் தேங்காய் பன், பப்ஸ், தேன் கேக், வர்க்கி. மற்ற ஊர்களில் டீக்கடை செய்யும் வேலையை இங்கே பேக்கரிதான் செய்கிறது. இன்னொன்று, காபிக்கொட்டையை வறுத்துக் கண்முன் அரைத்துத் தரும் காபித்தூள் கடை. அங்கே உட்கார இடம் கிடையாது. ஆனால் காபியைப் பற்றித் தெரிந்துகொள்ள அதைவிட நல்ல இடமும் கிடையாது.

ஏன் கோவை? காபிக்குச் சென்னையும் கும்பகோணமும்தானே பெயர் பெற்றவை?

பெயர் அவற்றுக்கு இருக்கலாம். காபி விளையும் மலைகள் கோவையைச் சுற்றித்தான் இருக்கின்றன. வானம் தெளிவாக இருக்கும் காலையில் மொட்டைமாடியில் நின்று வடக்கே பார்த்தால் நீலகிரி தெரியும். தெற்கே ஆனைமலை. வால்பாறையைத் தேயிலை மூடியிருந்தாலும் அந்த மலையில் காபித் தோட்டங்களும் உண்டு. கொஞ்சம் தள்ளிப் போனால் ஏற்காட்டைத் தாங்கும் சேர்வராயன் மலையும் பழனி மலையும். தமிழ்நாட்டின் காபியில் பெரும்பகுதி இந்த நான்கு மலைத்தொடர்களிலிருந்துதான் வருகிறது. நாட்டு அளவில் பார்த்தால் கர்நாடகம் ஏறத்தாழ எழுபது சதவீதமும் கேரளம் இருபது சதவீதத்தை ஒட்டியும் விளைவிக்கின்றன. தமிழ்நாட்டின் பங்கு சிறியது. அந்தச் சிறிய பங்கின் வாசலில் நாம் குடியிருக்கிறோம்.

இதற்குப் பின்னால் பழைய கதை ஒன்றும் இருக்கிறது. கோவை என்றால் பஞ்சாலை, பம்புசெட்டு, கிரைண்டர் என்றுதான் சொல்வோம். ஸ்டேன்ஸ் மில் என்று ஊரே அறிந்த பஞ்சாலை 1888-இல் வந்தது. அதைத் தொடங்கிய ராபர்ட் ஸ்டேன்ஸ் அதற்கு முன்பே, 1860-களின் தொடக்கத்தில், இங்கே செய்த தொழில் காபிக்கொட்டையைப் பதனிடுவது. மலையிலிருந்து இறங்கிய கொட்டையைக் காயவைத்து, மேல்தோலை நீக்கி, அளவு பார்த்துப் பிரித்து, மூட்டை கட்டி வெளிநாட்டுக்கு அனுப்பும் வேலை அது. பஞ்சாலை வருவதற்கு முன்பே காபி வந்துவிட்டது. அத்தனை காலமும் கொட்டை இந்த ஊர் வழியாகப் போய்க்கொண்டே இருந்தது. இது எந்த மலையின் கொட்டை என்று கேட்டுக் குடிக்கும் வழக்கம் மட்டும் இப்போதுதான் வருகிறது. அதைக் கொண்டுவருபவை இந்தச் சிறிய கடைகள். அவற்றின்மேல் எனக்கு இருக்கும் அக்கறைக்குக் காரணம் இதுதான்.

பெயர்ப் பட்டியல் ஒன்று கொடுத்துவிட்டால் வேலை முடிந்துவிடுமே?

கொடுப்பதில்லை. சிறிய கடைகள் இடம் மாறுகின்றன, கை மாறுகின்றன, வறுப்பவரை மாற்றுகின்றன. சென்ற வருடம் நான் மனதாரப் பாராட்டிய ஒரு கடையில் இந்த வருடம் அரைவை இயந்திரத்தைச் சுத்தம் செய்வதையே விட்டுவிட்டார்கள். பட்டியலை நம்பிப் போகிறவர் ஏமாறுவார். தேடும் முறை தெரிந்தவர் எந்த வருடமும் பிழைத்துக்கொள்வார்.

ஒரே ஒரு பெயரை மட்டும் சொல்கிறேன். ஊருக்குப் புதியவர்கள் முதல் வாரத்தில் ஸ்ரீ அன்னபூர்ணாவுக்குப் போய் ஒரு ஃபில்டர் காபி குடித்துவிடுங்கள். அவர்களுக்கு ஊர் முழுவதும் கிளைகள் இருப்பதால் தனிக்கடை என்று சொல்ல முடியாது. ஆனால் கோவைக்காரர்களின் நாக்கு பல பத்தாண்டுகளாக அந்தக் காபியில் பழகியிருக்கிறது. பால் எவ்வளவு, கசப்பு எவ்வளவு, சூடு எவ்வளவு இருந்தால் இந்த ஊர் தலையாட்டும் என்பது அந்த ஒரு டம்ளரில் தெரிந்துவிடும். மற்ற கடைகளை அதோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

எந்தப் பகுதியிலிருந்து தேடத் தொடங்குவது?

ஆர்.எஸ்.புரத்திலிருந்து. வண்டியை எங்காவது நிறுத்திவிட்டு நடந்து போங்கள். டி.பி. சாலையில் கடைகள் வரிசையாக இருக்கின்றன என்றாலும் நான் தேடச் சொல்வது அதிலிருந்து பிரியும் குறுக்குத் தெருக்களில். ஒரு காலத்தில் ஆலை முதலாளிகளும் வழக்கறிஞர்களும் மருத்துவர்களும் கட்டிய தனிவீடுகள் இன்னும் சில அங்கே இருக்கின்றன. திண்ணை, உயர்ந்த கூரை, முன்னால் ஒரு மாமரம். பிள்ளைகள் வெளிநாட்டுக்குப் போன பிறகு அந்த வீட்டின் கீழ்த்தளமோ கார் நிறுத்தும் இடமோ வாடகைக்கு வருகிறது. புதிதாகக் கடை போடும் இளைஞர்களுக்குப் பெரிய சாலையின் வாடகை கட்டுப்படியாவதில்லை. இந்த வீடுகள்தான் கைகொடுக்கின்றன. பெயர்ப்பலகைகூடச் சிறியதாகத்தான் இருக்கும். காரில் போகிறவர் கண்ணில் படாது. காலை பத்து மணி அளவில் நடந்து போனால் கொட்டை அரைபடும் வாசனை முதலில் வரும், பலகை பிறகு தெரியும்.

ரேஸ் கோர்ஸ் வேறு மாதிரி. சுற்றிலும் சுமார் இரண்டரை கிலோமீட்டர் நடைபாதை. விடியற்காலையில் ஊரில் பாதிப் பேர் அங்கேதான் நடக்கிறார்கள். நடையை முடித்தவர்களை நம்பி நடக்கும் கடைகள் சீக்கிரம் திறக்கும், வேகமாகப் பரிமாறும். நின்று பேச நேரம் கிடைக்காது. வாடகை அதிகமான பகுதி என்பதால் விலையும் அதற்கேற்ப இருக்கும்.

பீளமேட்டில் கல்லூரிகள் நிறைய. மாணவர்கள் கூட்டம் என்பதால் குளிர்ந்த காபியும் இனிப்பும்தான் அதிகம் விற்கும். அதற்காக ஒதுக்கிவிட வேண்டாம். கல்லூரி முடித்த கையோடு கடை தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் தாங்கள் படித்த இடத்துக்குப் பக்கத்திலேயே தொடங்குகிறார்கள், அவர்களிடம் புதிதாக எதையாவது முயன்று பார்க்கும் துணிவு இருக்கிறது. சரவணம்பட்டியில் மென்பொருள் நிறுவனங்களின் நேரத்துக்குக் கடைகள் இயங்குகின்றன. மாலை ஆறுக்கு மேல் நிரம்பி வழியும், ஞாயிறன்று வெறிச்சோடிக் கிடக்கும். சாய்பாபா காலனி, வடவள்ளி, மருதமலைச் சாலை ஆகியவை குடும்பங்கள் வசிக்கும் பகுதிகள். அங்கே உள்ள சிறிய கடைகளில் பக்கத்து வீட்டுப் பெரியவர் செய்தித்தாளோடு உட்கார்ந்திருப்பதைப் பார்க்கலாம்.

அவினாசி சாலையை மேம்பாலத்தின் மேலே ஏறிக் கடக்காதீர்கள். கீழே போங்கள். கடைகளெல்லாம் கீழேதான் இருக்கின்றன.

பழைய காபித்தூள் கடைகளுக்கு டவுன்ஹால், பெரிய கடை வீதி, ராஜ வீதிப் பக்கம் போக வேண்டும்.

இணையத்தில் நட்சத்திரங்களைப் பார்த்துப் போனால் போதாதா?

நட்சத்திரத்தைப் பார்ப்பதில் தவறில்லை. ஆனால் அதைக் கொடுத்தவர் எதற்காகக் கொடுத்தார் என்பதைப் படியுங்கள். பலர் சுவர் ஓவியத்துக்கும் ஊஞ்சல் நாற்காலிக்கும் ஐந்து நட்சத்திரம் கொடுத்திருப்பார்கள். அந்தக் கருத்துகளில் காபி என்ற சொல்லைத் தேடுங்கள். ஐம்பது பேர் பாஸ்தாவையும் புகைப்படம் எடுக்கும் மூலையையும் பற்றி எழுதியிருந்து, காபியைப் பற்றி இரண்டு பேர்கூட எழுதவில்லை என்றால் அது உணவகம். காபி ஒரு துணைப்பொருள். அங்கே சாப்பிடப் போகலாம், காபிக்காகப் போக வேண்டாம்.

குறைகூறும் கருத்துகளையும் படியுங்கள். "காபி புளிக்கிறது" என்று இரண்டு மூன்று பேர் எழுதியிருந்தால் எனக்கு ஆர்வம் பிறக்கும். இளம் வறுவலில் அராபிகா என்ற காபி வகையின் இயல்பான பழப்புளிப்பு அப்படியே நிற்கும். கரும் வறுவலுக்குப் பழகிய நாக்கு அதைக் குறை என்று சொல்கிறது. அந்தக் கடைக்காரர் எதையோ கவனத்தோடு செய்ய முயல்கிறார் என்பதற்கு அது அடையாளமாக இருக்கலாம்.

இணையத்தைவிட நம்பகமான வழி ஒன்று உண்டு. நன்றாக இருந்த ஒரு கடையில் காபி போடுகிறவரிடம், "உங்கள் விடுமுறை நாளில் நீங்கள் எங்கே போய்க் குடிப்பீர்கள்?" என்று கேளுங்கள். தயங்காமல் சொல்வார்கள். நான் கண்டுபிடித்த கடைகளில் பாதி இந்த ஒரு கேள்வியால் கிடைத்தவை.

காபி மேசைக்கு வரும் முன்பே கடை நல்லதா என்று தெரிந்துகொள்ள முடியுமா?

ஓரளவுக்கு முடியும். முதலில் அரைவை இயந்திரத்தைப் பாருங்கள். காபி இயந்திரம் பளபளவென்று இருக்கும். எல்லாரும் அதைத்தான் பார்ப்பார்கள். அனுபவமுள்ளவர்கள் அரைவை இயந்திரத்தைப் பார்ப்பார்கள். மேலே இருக்கும் கொட்டைப் பாத்திரத்தின் ஓரத்தில் பழுப்பு எண்ணெய் படிந்திருந்தால் பல நாட்களாகத் துடைக்கவில்லை என்று பொருள். அந்தப் பழைய எண்ணெயின் சிக்கு வாடை நேராகக் கோப்பைக்கு வரும்.

அடுத்தது பையில் அச்சிட்ட வறுத்த தேதி. வறுத்த கொட்டையிலிருந்து சில நாட்களுக்குக் கரியமில வாயு வெளியேறிக்கொண்டே இருக்கும். அது ஓரளவு அடங்கிய பிறகு, ஏறத்தாழ ஒரு வாரத்திலிருந்து ஒரு மாதம் வரை நல்ல பருவம். தேதியே இல்லாமல் காலாவதி நாள் மட்டும் இருக்கும் பை எனக்கு நம்பிக்கை தருவதில்லை.

பால் காய்ச்சும் குழலை ஒவ்வொரு முறையும் ஈரத்துணியால் துடைக்கிறார்களா என்பதையும் கவனியுங்கள். ஃபில்டர் காபிக் கடையாக இருந்தால் ஒரே கேள்வி போதும்: டிகாக்‌ஷன் எப்போது இறக்கியது? காலை இறக்கியதை மாலை வரை சூடாக்கிச் சூடாக்கி ஊற்றும் கடையில் கசப்பு மட்டுமே மிஞ்சும். நல்ல கடையில் இரண்டு மூன்று ஃபில்டர்கள் மாறி மாறி இறங்கிக்கொண்டே இருக்கும்.

மெனுவில் இருக்கும் சொற்கள் புரியவில்லை. எதைக் கேட்பது?

புரியாததில் வெட்கம் எதுவும் இல்லை. எஸ்பிரஸோ என்பது பொடியாக அரைத்த காபித்தூளின் ஊடே வெந்நீரை ஒன்பது மடங்கு வளிமண்டல அழுத்தத்தில் செலுத்தி, அரை நிமிடத்துக்குள் எடுக்கும் சாறு. பதினெட்டு கிராம் தூளுக்கு முப்பத்தாறு கிராம் சாறு என்பது பல கடைகள் பின்பற்றும் கணக்கு. அதில் ஆவியில் காய்ச்சிய பாலைச் சேர்த்தால் கேப்பசினோ, பால் இன்னும் கூடினால் லாட்டே, வெந்நீர் சேர்த்தால் அமெரிக்கானோ. நம் ஃபில்டரில் அழுத்தம் கிடையாது. தண்ணீர் தன் எடையால் மெல்லச் சொட்டுகிறது; பதினைந்து இருபது நிமிடமாவது ஆகும். இரண்டிலும் முதலில் கெட்டியான சாறு, பிறகு பால். டிகாக்‌ஷனில் வளர்ந்தவருக்கு எஸ்பிரஸோ அந்நியமாகத் தோன்ற வேண்டியதில்லை.

போர்ஓவர் என்று இருந்தால் கூம்பில் தாள் வடிகட்டியை வைத்துத் தூளின் மேல் கையால் வெந்நீர் ஊற்றி வடிப்பது. பால் கிடையாது. ஒரே தோட்டத்துக் கொட்டையின் குணம் இதில்தான் தெளிவாகத் தெரியும்.

வாஷ்டு, நேச்சுரல், ஹனி ஆகிய மூன்றும் பழத்திலிருந்து கொட்டையை எடுக்கும் முறைகளின் பெயர்கள். பழத்தின் சதையை நீக்கிக் கழுவிக் காயவைத்தால் வாஷ்டு. சுவை தெளிவாக இருக்கும். பழத்தை முழுதாகவே வெயிலில் காயவைத்தால் நேச்சுரல். பழவாசம் தூக்கலாக இருக்கும். தோலை நீக்கி, வழவழப்பான சதையோடு காயவைத்தால் ஹனி. தேனுக்கும் அதற்கும் தொடர்பில்லை.

இந்த அறிவு நமக்குப் புதிதும் அல்ல. நம் வீட்டுப் பெரியவர்கள் காபித்தூள் கடையில் "பிளான்டேஷன் ஏ பாதி, பீபெரி பாதி" என்று சொல்லி வாங்கினார்கள். பிளான்டேஷன் என்பது கழுவிக் காயவைத்த அராபிகாவின் வணிகப் பெயர். பீபெரி என்பது பழத்துக்குள் இரண்டாகப் பிளக்காமல் ஒற்றையாக உருண்டு விளைந்த கொட்டை. பதனிடும் முறையையும் கொட்டையின் வகையையும் சொல்லித்தான் பாட்டி காபி வாங்கியிருக்கிறார். ஊரின் பெயர் மட்டும் அதில் இல்லை. அதைப் புதிய கடைகள் சேர்த்திருக்கின்றன.

சிக்கரி கலந்தால் மட்டமான காபியா?

நான் அப்படி நினைக்கவில்லை. சிக்கரி என்பது ஒரு செடியின் வேரை வறுத்துப் பொடித்தது. தண்ணீரைப் பிடித்துவைத்துக்கொள்ளும் குணம் இருப்பதால் டிகாக்‌ஷன் மெதுவாக, கெட்டியாக இறங்கும். நிறமும் கூடும். பாலோடு சேரும்போது காபியின் குரல் அடங்கிவிடாமல் தாங்கிப் பிடிக்கும். பத்து, பதினைந்து சதவீதச் சிக்கரி கலந்த ஃபில்டர் காபியை நான் விரும்பிக் குடிக்கிறேன்.

அளவு மீறும்போதுதான் ஏமாற்று. உணவுப் பாதுகாப்பு விதிகளின்படி காபி-சிக்கரிக் கலவையில் குறைந்தது 51 சதவீதம் காபி இருக்க வேண்டும். எத்தனை சதவீதம் எது என்று பொட்டலத்தில் அச்சிட வேண்டும். அதாவது 49 சதவீதம் வேர்ப்பொடி இருந்தாலும் சட்டப்படி சரி. அச்சிட்டதைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

பேக்கரியில் இருபது ரூபாய்க்குக் கிடைப்பதற்குக் கஃபேயில் ஏன் இருநூறு ரூபாய்?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான், கொஞ்சம் கோபத்தோடும் கேட்கப்படுகிறது. கோபம் நியாயமானது. ஆனால் இரண்டு விலையும் ஒரே பொருளுக்கு இல்லை. பேக்கரியில் ஐந்து நிமிடம் நிற்கிறீர்கள். கஃபேயில் ஒன்றரை மணி நேரம் ஒரு மேசையை எடுத்துக்கொள்கிறீர்கள். அந்த மேசைக்கு வாடகை, குளிர்சாதனத்துக்கு மின்கட்டணம், இரண்டு மூன்று பேருக்குச் சம்பளம், இயந்திரத்துக்கு வாங்கிய கடனின் தவணை எல்லாம் அந்த இருநூறுக்குள் இருக்கின்றன. கொட்டையின் விலையும் வேறு. பழுத்த பழத்தை மட்டும் கையால் தேர்ந்து பறிக்க வேண்டுமென்றால் ஒரே செடிக்குப் பலமுறை ஆள் போக வேண்டும். மலையில் அந்தக் கூலிக்கு ஆள் கிடைப்பது வருடத்துக்கு வருடம் அரிதாகிறது.

இதையெல்லாம் சொன்ன பிறகும், இருநூறு ரூபாய்க்குப் பழைய கொட்டையில் கசந்த காபியைக் கொடுக்கும் கடைகள் இருக்கின்றன என்பது உண்மை. அங்கே திரும்பப் போகாதீர்கள். தினமும் குடிக்கப் பேக்கரி, வாரம் ஒருமுறை நல்ல கஃபே என்பது என் வழக்கம்.

தண்ணீருக்கும் காபிக்கும் தொடர்பு இருக்கிறதா?

கோப்பையில் இருப்பதில் பெரும்பகுதி தண்ணீர்தான். சிறுவாணித் தண்ணீரைப் பற்றிக் கோவைக்காரர்கள் பெருமை பேசுவதைக் கேட்டிருப்பீர்கள். காட்டு மலையிலிருந்து வரும் மென்னீர் அது. தாது உப்புகள் மிகுந்த ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் காபியின் புளிப்பும் மணமும் மழுங்கிவிடும். இயந்திரத்தின் உள்ளேயும் சுண்ணாம்பு படியும். சிறுவாணி வராத பகுதிகளில் கடைகள் சுத்திகரிப்பு இயந்திரத்தை நம்புகின்றன. அந்த இயந்திரம் எல்லாத் தாதுக்களையும் நீக்கிவிட்டாலும் காபி சப்பென்று ஆகிவிடும். எந்தத் தண்ணீர் பயன்படுத்துகிறீர்கள் என்று கடைக்காரரிடம் கேட்டுப் பாருங்கள். யோசித்துப் பதில் சொல்கிறவர் கடையில் காபி பெரும்பாலும் நன்றாகவே இருக்கிறது.

கடைக்காரரிடம் எப்படிப் பேச்சைத் தொடங்குவது? தொந்தரவாக நினைக்க மாட்டார்களா?

கூட்டம் இல்லாத நேரத்தில் போனால் நினைக்க மாட்டார்கள். வேலை நாளில் காலை பதினொரு மணி, பிற்பகல் மூன்று மணி நல்ல நேரங்கள். கோவையில் 'ங்க' சேர்க்காமல் பேச்சே கிடையாது. நீங்களும் சேர்த்துப் பேசுங்கள், வயதில் சிறியவராக இருந்தாலும். "இது எந்த மலைக் கொட்டைங்க?" என்ற ஒரு கேள்வி போதும். அதன் பிறகு பல நேரங்களில் நீங்கள் கேட்காமலே அவர் இன்னொரு கொட்டையைப் போட்டுக் கொஞ்சமாக ஊற்றித் தந்து, வித்தியாசம் தெரிகிறதா என்று கேட்பார். தமிழ்நாட்டுக் கொட்டை இருக்கிறதா என்றும் கேளுங்கள். கேட்பவர்கள் கூடினால் அடுத்த முறை கொள்முதல் செய்யும்போது அவருக்கு அது நினைவில் இருக்கும்.

மடிக்கணினியோடு உட்கார்ந்து வேலை செய்யலாமா?

பெரும்பாலான கடைகள் அனுமதிக்கின்றன. ஆறு மேசை மட்டும் உள்ள கடையில் ஒரு காபிக்கு நான்கு மணி நேரம் உட்காருவது அந்தக் கடைக்குச் செய்யும் தீங்கு. ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை எதையாவது வாங்குங்கள், சனி ஞாயிறு மாலைகளில் இடத்தை விட்டுக்கொடுங்கள், தொலைபேசியில் பேச வேண்டுமென்றால் வெளியே போங்கள்.

இன்னொரு சங்கதி: மாதாந்திரப் பராமரிப்புக்காக ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு நாள் பகல் முழுவதும் மின்தடை இருக்கும். எந்தப் பகுதி என்று முன்னதாகவே செய்தித்தாளில் வந்துவிடும். எஸ்பிரஸோ இயந்திரத்தைத் தாங்கும் மாற்று மின்சாரம் சிறிய கடைகளில் பெரும்பாலும் இருக்காது. அன்று வேலைக்காகப் போகாதீர்கள், காபிக்காகப் போங்கள். இயந்திரம் ஓடாத நாளில் கூட்டம் குறைவு. அடுப்பில் வெந்நீர் வைத்துக் கையால் ஊற்றி வடித்துத் தருவார்கள், பேசவும் நேரம் இருக்கும்.

பெண்கள் தனியாகப் போய் உட்கார முடியுமா?

முடியும். பேக்கரி வாசலில் தனியாக நின்று டீ குடிக்க இன்றும் பல பெண்கள் தயங்குகிறார்கள். கஃபேக்களில் அந்தத் தயக்கம் வெகுவாகக் குறைந்திருப்பதைக் கண்ணால் பார்க்கிறேன். என் அக்கா மகள் வேலை தேடிக்கொண்டிருந்த மாதங்களில் தினமும் ஒரே கடையில், ஒரே சன்னல் ஓரத்தில் உட்கார்ந்து விண்ணப்பங்கள் எழுதினாள். யாரும் எதுவும் கேட்கவில்லை. ஊருக்கு இந்தக் கடைகள் தந்தவற்றில் இதை நான் முதலில் வைப்பேன்.

அப்பா அம்மாவை அழைத்துப் போனால் அவர்களுக்குப் பிடிக்குமா?

போர்ஓவர் வாங்கித் தராதீர்கள். கேப்பசினோவைச் சர்க்கரையோடு, நல்ல சூடாகக் கேட்டு வாங்குங்கள். கஃபேக்களில் பாலை அறுபது அறுபத்தைந்து பாகைக்கு மேல் காய்ச்ச மாட்டார்கள். டபரா டம்ளரில் ஆற்றிக் குடித்தவர்களுக்கு அது ஆறிப்போன காபி. சொன்னால் கூடுதலாகச் சூடாக்கித் தருவார்கள். உயரமான நாற்காலி மட்டும் உள்ள கடைகளைத் தவிர்த்துவிடுங்கள், முழங்கால் வலிக்கும்.

கொட்டை வாங்கிப் போய் வீட்டு ஃபில்டரில் போடலாமா?

தாராளமாக. கடையிலேயே ஃபில்டர் பதத்துக்கு அரைத்துத் தரச் சொல்லுங்கள். எஸ்பிரஸோவுக்கு அரைப்பதைவிடச் சற்றுப் பரும்படியாக இருக்க வேண்டும். மாவாக அரைத்தால் சொட்டாது. நடுத்தர வறுவலைவிடக் கொஞ்சம் கூடுதலாக வறுத்ததாகப் பார்த்து வாங்குங்கள். இளம் வறுவல் பாலோடு சரியாகச் சேர்வதில்லை. பாலும் முக்கியம். ஆவின் பச்சைப் பாக்கெட்டில் கொழுப்பு நாலரை சதவீதம், ஆரஞ்சில் ஆறு. காபிக்கு நான் பச்சையை வாங்குகிறேன்.

நூறு கிராம், நூற்றைம்பது கிராமாக வாங்குங்கள். அரைத்த தூளின் மணம் சில நாட்களிலேயே இறங்கிவிடும். அராபிகா அறுவடை நவம்பரிலிருந்து ஜனவரி வரை நடக்கும். பதனிட்டு, தரம் பிரித்து, வறுப்பவர் கைக்கு வரச் சில மாதங்கள் ஆகும். அதன் பிறகு புதிய பருவத்துக் கொட்டை வந்துவிட்டதா என்று கேட்டு வாங்கலாம்.

எனக்குப் பிடித்த கடை திடீரென்று மூடிவிட்டது. இப்படி அடிக்கடி நடக்குமா?

நடக்கும், வருத்தமாகத்தான் இருக்கும். சாய்பாபா காலனியில் ஒரு சந்துக்குள் நான் மூன்று வருடம் போய்க்கொண்டிருந்த கடை, வாடகை ஒப்பந்தம் முடிந்த மாதத்தில் மூடப்பட்டது. புதுப்பிக்கக் கேட்ட வாடகையைக் கொடுக்க அவர்களால் முடியவில்லை. கடைசி நாள் மாலை போனபோது இயந்திரத்தைத் துணி சுற்றிக் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஏற்காட்டுக் கொட்டையை முதன்முதலில் ஊர்ப்பெயரோடு எனக்கு ஊற்றித் தந்த கடை அது. மிச்சமிருந்த கால் கிலோவைப் பணம் வாங்காமல் கையில் கொடுத்தார்கள்.

மூடும் கடையில் காபி போட்டவர் எங்கே போகிறார் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கடையில் வேலை பார்த்த தம்பி இப்போது வடவள்ளியில் இரண்டு மேசையோடு சொந்தமாகக் கடை வைத்திருக்கிறார். பலகையில் பெயர்கூட இன்னும் எழுதவில்லை. சென்ற வாரம் போனபோது சேர்வராயன் மலைக் கொட்டை இருந்தது. காலை ஒன்பது மணிக்குத் திறக்கிறார், செவ்வாய்க்கிழமை விடுமுறை.